இழுப்பது மட்டும்தானா தசையின் வேலை?

குத்துக்கல்வலசைக்காரர்களுக்குக் குற்றாலம் தொலைவில்லை. சாரல் காலத்தில் பேரருவியின் கீழ் நின்றிருப்பீர்கள். பிடரியில் நீர் அறைகிறது. கண்களை இறுக மூடிக்கொள்கிறீர்கள். ஆயினும், முகம் நேராக இருக்கிறதா, தோள் பக்கம் திரும்பியிருக்கிறதா என்பது உங்களுக்குத் தெரிகிறது. எப்படி?

இதற்கு உதவும் உறுப்புகளுள் ஒன்று, பிடரியின் பெரிய தசைகளுக்கு அடியில் மறைந்துள்ள கீழ்ச்சாய்வுத் தசை. இது கழுத்தின் இரண்டாம் முள்ளெலும்பான ஆக்சிஸின் பின்முள்ளில் தொடங்கி, முதல் முள்ளெலும்பான அட்லஸின் பக்கமுனையில் முடிகிறது. வலப்புறத் தசை சுருங்கினால் அட்லஸ் வலப்புறம் திரும்பும். அதன்மேல் அமர்ந்த மண்டையோடும் உடன் திரும்பும். இலத்தீன் பெயரில் 'தலையின்' என்ற சொல் இருந்தாலும், இத்தசை மண்டையோட்டைத் தொடுவதேயில்லை!

பெயரில் உள்ள குறை சிறிது. விளக்கத்தில் உள்ள குறைதான் பெரிது.

ஹென்றி கிரேயின் புகழ்பெற்ற உடற்கூற்று நூல் 1858-இல் வெளிவந்தது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்த சாமுவேல் கிரீன், 1872-இல் அதைத் தமிழில் தந்தார். அரிய தொண்டு அது. தசை எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, எதை அசைக்கிறது என்று விளக்குவது கிரே கையாண்ட முறை. அதைக் குறை சொல்வதற்கில்லை. தசைக்குள் உள்ள நுண்ணிய 'தசைக்கதிர்கள்' உணர்வுறுப்புகள் என்பதை ஷெரிங்டன் மெய்ப்பித்தது 1894-இல்தான். தசை எவ்வளவு நீள்கிறது என்பதை அவை மூளைக்கு அறிவிக்கின்றன.

ஆனால் இன்றும் பல பாடக்குறிப்புகள் அந்த மூன்று கேள்விகளோடு நின்றுவிடுகின்றன. இதை ஏற்பதற்கில்லை. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் மனிதக் கருக்களின் பிடரித் தசைகளை ஆராய்ந்து 2001-இல் முடிவை வெளியிட்டனர். கீழ்ச்சாய்வுத் தசையில் கிராமுக்கு 242 தசைக்கதிர்கள். அருகிலுள்ள பின்நேர்த் தசையில் 98. இவை கருவில் எண்ணியவை. வளர்ந்தோருக்கு அப்படியே பொருந்தும் எனக் கொள்ளலாகாது. எனினும், இத்தசை இழுக்கும் கயிறு மட்டுமன்று, அளந்து சொல்லும் கருவியும்கூட என்பதை அவை உணர்த்துகின்றன.

தலையின் அசைவை உட்செவி சொல்லும். ஆனால் தலை மட்டும் திரும்பியதா, உடலும் சேர்ந்து திரும்பியதா என்று பிரித்தறியக் கழுத்தின் செய்தியும் வேண்டும். கழுத்தில் அடிபட்டோர் சிலர், கண்ணை மூடித் தலையைத் திருப்பியபின் சரியாகப் பழைய நிலைக்குக் கொண்டுவரத் தடுமாறுவது இதனால்தான் புரிகிறது. இழுப்பை மட்டும் படித்த மாணவருக்கு இது விளங்காது.

நீங்களும் கண்ணை மூடி, தலையை மெல்லத் திருப்பி, மீண்டும் நேராக்கிப் பாருங்கள். பிறகு உங்கள் பாடக்குறிப்பில் நான்காவதாக ஒரு கேள்வியை எழுதிக்கொள்ளுங்கள்: இத்தசை எதை உணர்த்துகிறது?