நீல வெளிச்சம் வருவதற்குள்...

டி.வி. க்ரைம் தொடர்களில் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். கொலை நடந்த அறை. விளக்கை அணைக்கிறார்கள். கையுறை போட்ட ஒருத்தர் ஸ்ப்ரே அடிக்கிறார். கழுவித் துடைத்த தரையில் நீலமாக ஒளி படர்கிறது. பின்னணி இசை திடுமென்று அதிர, கொலைகாரன் மாட்டிக்கொள்கிறான். 2000-ல் அமெரிக்காவில் 'சி.எஸ்.ஐ.' தொடர் ஆரம்பித்ததிலிருந்து இந்த நீலம் ரொம்பப் பிரபலம்.

அந்த ஸ்ப்ரேயில் இருப்பது லூமினால். கூடவே ஹைட்ரஜன் பெராக்சைடு. ரத்தத்தில் உள்ள இரும்பு இரண்டுக்கும் நடுவில் புகுந்து வினையைத் தூண்டிவிட, வெளிச்சம் பிறக்கிறது. மின்மினிப் பூச்சியின் வயிற்றில் நடப்பதும் ஏறக்குறைய இந்த மாதிரி சமாசாரம்தான். பல ஆயிரம் மடங்கு தண்ணீரில் கரைந்துபோன ரத்தத்தைக்கூட காட்டிக்கொடுத்துவிடும். 1937-லேயே வால்டர் ஸ்பெக்ட் என்ற ஜெர்மானியர் இதைத் துப்பறிவதற்குச் சிபாரிசு செய்துவிட்டார்.

தொடர்கள் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்த தரையும் இதேபோல மினுங்கும். செம்பும் மினுங்கும். அதனால் இந்த வெளிச்சம் வெறும் சந்தேகம்தான். வேறு சோதனை செய்துதான் ரத்தம் என்று உறுதி சொல்ல வேண்டும். டைரக்டர்களோ சந்தேகத்தைத் தீர்ப்பாக்கிவிடுகிறார்கள்.

அதைக்கூட மன்னிக்கலாம். என் பெரிய புகார் வேறு. இந்த வெளிச்சம் எப்போதுமே பிணம் விழுந்த பிறகுதான் வருகிறது. திரையில் மட்டுமல்ல, ஊரிலும்.

கள்ளக்குறிச்சி கருணாபுரத்தை மறந்திருக்க மாட்டீர்கள். 2024 ஜூன். மெத்தனால் கலந்த சாராயத்துக்கு 60-க்கும் மேற்பட்டவர்கள் பலி. அதற்கு முந்தைய வருஷம் மே மாதம்தான் மரக்காணத்திலும் செங்கல்பட்டிலும் இதே மெத்தனால், இதே ஒப்பாரி.

உடனே எல்லோர் பார்வையும் மேற்கே கல்வராயன் மலைக்குத் திரும்பியது. கரியாலூர் பக்கம் 'சாராய ஊறல் அழிப்பு' என்பது பேப்பரில் அடிக்கடி வரும் நாலு வரிச் செய்தி. ஊறல் என்பது பேரலில் புளிக்கும் வெல்லத் தண்ணீர். அதைக் கண்டுபிடிக்க மூக்கு போதும். ஆனால் மெத்தனால் மலையில் காய்ச்சுகிற சரக்கு இல்லை; தொழிற்சாலைச் சரக்கு. வாசனையிலும் ருசியிலும் வித்தியாசம் தெரியாது. உள்ளே போய் ஃபார்மிக் அமிலமாக மாறி, முதலில் கண்ணைப் பறிக்கும். அப்புறம் உயிரை.

இதைப் பிடிக்க லூமினாலால் முடியாதா? ஒரு என்சைம் சேர்த்தால் மெத்தனாலும் ஒளி காட்டும். ஆனால் சாதாரண சாராயமும் சேர்ந்து மினுங்கித் தொலைக்கும். துல்லியமாகப் பிரித்துச் சொல்ல லேபுக்குத்தான் போக வேண்டும். லேப் ரிப்போர்ட் வருவதற்குள் சுடுகாட்டில் இடம் இருக்காது.

காமர்ஸ் படித்தவன் என்பதால் எனக்கு இன்னொரு கருவி ஞாபகம் வருகிறது: ஸ்டாக் ரிஜிஸ்டர். மெத்தனாலுக்கு லைசென்ஸ் வேண்டும், வரவு செலவுக் கணக்கு வேண்டும் என்று தமிழ்நாட்டில் 1959-லேயே விதி எழுதிவிட்டார்கள். வந்தது எத்தனை டிரம், போனது எத்தனை, மீதி எத்தனை? கூட்டல் கழித்தல் தெரிந்த ஒருத்தர், ஒழுங்காகப் போய் எண்ணினால் போதும். இருட்டும் வேண்டாம், கையுறையும் வேண்டாம்.

க்ரைம் தொடர் எடுக்கும் நண்பர்களே, உங்களுக்கு ஒரு சீன் தருகிறேன். பட்டப்பகல். ஒரு கோடவுன். ஒரு குமாஸ்தா டிரம்களை எண்ணுகிறார். கணக்கில் ஒன்று உதைக்கிறது. அந்த இடத்தில் போடுங்கள், உங்கள் பின்னணி இசையை!