குதிரைமுகமும் சிங்கமுகமும்: கீரிமலை ஐதிகத்தின் இருண்ட கற்பனை

விகாரமும் அச்சமும் கலந்த கற்பனையை நமது முற்போக்கு விமர்சனம் பெரும்பாலும் ஐயத்துடனேயே நோக்கி வந்துள்ளது. வாழ்விலிருந்து தப்பியோடும் மனோபாவம் என அதனை ஒதுக்குதல் எளிது. காங்கேசன்துறையில் வளர்ந்த எனக்கு அது இயலவில்லை. எங்கள் ஊர்ப்பெயர்களே அக்கற்பனையிற் பிறந்தவை எனக் கேட்டு வளர்ந்தவள் நான். நகுல முனிவரின் கீரிமுகம் நீங்கிய இடம் கீரிமலை. குதிரைமுகம் விட்டகன்றதால் மாவிட்டபுரம். காங்கேயன் திருவுருவம் வந்திறங்கிய துறை காங்கேசன்துறை. பெயர்களுக்குப் பின்னர் கற்பிக்கப்பட்ட விளக்கங்கள் இவை என ஆய்வாளர் கூறலாம். அது வேறு விடயம்.

ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலை, மாருதப்புரவீகவல்லி என்னும் சோழ இளவரசியின் கதையைக் கூறுகின்றது. குன்மநோயும் குதிரைமுகமும் உற்ற அவள் கீரிமலைத் தீர்த்தமாடிக் குணமடைகிறாள். மாவிட்டபுரத்தில் முருகனுக்குக் கோயில் எடுப்பிக்கிறாள். பக்தர்க்குக் கதை இவ்விடத்தே நிறைவுறும். நூலோ மேலும் செல்கின்றது. சிங்கமுகம் படைத்த உக்கிரசிங்கன் அவளைக் கவர்ந்து சென்று மணக்கிறான்.

அரசமரபொன்றுக்கு மேன்மை கற்பிக்கும் நிலப்பிரபுத்துவப் புனைவு இது என்பதில் ஐயமில்லை. எனினும் அத்தீர்ப்போடு வாசிப்பை நிறுத்தினால் கதையின் மெய்யான இருள் கண்ணிற்படாது. பெண்ணின் விலங்குமுகம் நோய். அதற்குக் கடல்கடந்த யாத்திரையும் தீர்த்தமும் வேண்டும். ஆணின் விலங்குமுகமோ வீரலட்சணம். அது மாறவேண்டுமென எவரும் கோரவில்லை. மனிதமுகம் பெற்ற பின்னரே அவள் கவரப்படுகிறாள் என்பதையும் நோக்குக. சிறுவயதிற் குதிரைமுகத்தை எண்ணி அஞ்சினேன். இன்று என்னை அஞ்சவைப்பது குணமடைந்த பின் நிகழ்வதே.

இவ்விடத்திற் காரைக்காலம்மையார் நினைவுக்கு வருகிறார். கணவன் நீங்கியபின் தம் அழகுடலைக் களைந்து பேய்வடிவம் வேண்டிப் பெற்றவர் அவர். பொலன்னறுவையிற் கிடைத்த வெண்கலப் படிமத்தில், வற்றிய உடலோடு தாளமேந்தி அமர்ந்திருக்கும் அவரிடம் அருவருப்பு எதனையும் நான் காணவில்லை. அம்முகம் எத்தீர்த்தத்தையும் நாடவில்லை. எந்தச் சிங்கமுகத்தானும் அதனைக் கவரவும் வரமாட்டான். (கலிங்கத்துப்பரணியின் பேய்களும் அடிப்படையிற் பசித்தவையே. போர்க்களத்தில் அவை அடும் கூழை வெறும் விநோதமாக வாசிப்போர் பசியறியாதவர்.)

எங்கள் அம்மம்மா இளவரசியின் கதையை எப்போதும் கோயில் எழுந்ததோடு நிறுத்திவிடுவார். மிகுதியைப் பின்னர் நூலிற்றான் வாசித்தேன். 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு இடம்பெயர்ந்து பிறர் வீட்டுத் திண்ணையிற் படுத்திருந்த நாளொன்றில், ஏன் மறைத்தீர்கள் என அவரிடம் கேட்டேன்.

"குமர்ப்பிள்ளையளுக்கு அதைச் சொல்லுறேல்லை," என்றார்.