சொல்லுக்குப் பணியும் இசை: ஆர்வோ பேர்ட்டின் தவ்பாப் பாடல்

வழிபாட்டுக்கென ஆக்கப்பட்ட பாடல் வழிபாட்டுக் கூடத்தை விட்டு வெளியேறி இசைத்தட்டாக மாறிய பின்னர், அதைக் கேட்பவர் யார், எந்நிலையில் கேட்கிறார் என்பது பாடியவரின் பொறுப்பில் இல்லாமல் போகிறது. 1980களுக்குப் பின் ஐரோப்பாவின் கிறிஸ்தவக் குழுப்பாடல் இவ்வகையில் ஒரு புதிய வாழ்வைப் பெற்றது. தேவாலயத்தின் பக்கமே செல்லாதவர்களும் அத்தகைய ஒலிப்பதிவுகளை விரும்பி வாங்கினர். அவை மனத்திற்கு அமைதி தருகின்றன என்பதே அவர்கள் கூறிய காரணம். பாடலின் மொழி அவர்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய தேவையையும் அவர்கள் உணரவில்லை. முஸ்லிம்களிலும் இவ்விசையைச் செவிமடுப்போர் உண்டு. பொருள் விளங்காதவரை அது வெறும் ஓசைதான், எனவே ஈமானுக்கு ஊறு நேராது என்பர் அவர்கள். இவ்விரு சாராரும் ஒரே இடத்தில்தான் வழுவுகின்றனர். சொல்லை நீக்கிவிட்டுக் கேட்பது பாதுகாப்பும் ஆகாது, பக்தியும் ஆகாது. இதனை நிறுவ ஒரே ஒரு படைப்பை எடுத்துக்கொள்வது போதுமானது.

இத்தகைய கட்டுரையில் ஆங்கில இசையமைப்பாளர் ஜான் டேவனரின் ‘அழகிய திருநாமங்கள்’ என்ற படைப்பையே வாசகர் எதிர்பார்க்கக்கூடும். அல்லாஹ்வின் 99 திருநாமங்களை அரபு மொழியிலேயே பாடுமாறு அமைந்த அப்படைப்பு, அந்நாளைய இளவரசர் சார்லஸின் வேண்டுகோளின்படி இயற்றப்பட்டு, 2007இல் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் கத்தீட்ரலில் முதன்முதலாகப் பாடப்பட்டது. நம் சொற்கள் பிறர் நாவில் ஒலிப்பது மகிழ்ச்சி தரலாம். ஆயினும் இசைக்கும் வேத மொழிக்கும் உள்ள உறவை அறிய விழைவோருக்கு, நம் சொற்கள் இடம்பெறாத வேறொரு படைப்பே கூடுதலாகக் கற்பிக்கிறது. எஸ்தோனிய நாட்டு ஆர்வோ பேர்ட் 1997இல் நிறைவுசெய்த ‘கானோன் பொகயானென்’ என்பதே அது. பெயரின் பொருள் ‘தவ்பாவின் கானோன்’. நாம் சட்டம் என்ற பொருளில் வழங்கும் ‘கானூன்’ என்ற அரபுச் சொல்லும் இந்தக் கிரேக்கச் சொல்லும் வேரால் ஒன்றே.

1935இல் பிறந்த பேர்ட், சோவியத் ஆட்சியின் கீழ் இசை பயின்றவர். 1968இல் அவர் இயற்றிய ‘கிரேடோ’ என்னும் படைப்பு கிறிஸ்தவ நம்பிக்கையை வெளிப்படையாக அறிவித்தமையால் அதிகாரிகளின் சினத்திற்கு இலக்காயிற்று. அதன்பின் சில ஆண்டுகள் அவர் பெரும்பாலும் மௌனமாகவே இருந்தார். இடைக்கால ஐரோப்பியத் திருச்சபைப் பாடல்களை ஆழ்ந்து பயின்றதும், ஆர்த்தடாக்ஸ் சபையில் இணைந்ததும் அக்காலத்தில்தான். 1976இல் ஒரு புதிய இசைமுறையுடன் வெளிப்பட்ட அவர், 1980இல் நாட்டை விட்டு வெளியேறி வியன்னாவிலும் பின்னர் பெர்லினிலும் வாழ்ந்தார். கொலோன் கத்தீட்ரலின் 750ஆம் ஆண்டு விழாவையொட்டி வேண்டப்பட்ட இக்கானோன், 1998 மார்ச்சில் அந்நகரில் அரங்கேறியது. எஸ்தோனிய ஃபில்ஹார்மோனிக் சேம்பர் பாடற்குழுவினர், தம் குழுவை 1981இல் நிறுவிய தோனு கல்யுஸ்தேயின் நெறியாள்கையில் பாடிய ஒலிப்பதிவை, இ.சி.எம். நிறுவனம் அதே ஆண்டில் இரு தட்டுகளாக வெளியிட்டது. ஏறத்தாழ 80 நிமிடங்களுக்கும் மேல் நீளும் இப்பாடலில் இசைக்கருவி ஒன்றுகூட இல்லை. ஆகவே கருவிகளைப் பற்றிய ஃபிக்ஹ் விவாதம் இங்கு எழவில்லை. எழுவது செவியின் அதபு பற்றிய கேள்வியே.

பாடலின் வாசகம் பேர்ட்டினுடையதன்று. கிரேத்துத் தீவின் ஆயராக இருந்த அந்திரேயா என்பவர் பெயரால் வழங்கும் பழைய கிழக்குத் திருச்சபைப் பிரார்த்தனை அது. அந்த அந்திரேயா 7ஆம் நூற்றாண்டில் டமாஸ்கஸில் பிறந்தவர். உமையாக்களின் தலைநகராகப் புகழ்பெற்ற அதே நகரம். கிரேக்கத்திலிருந்து பெயர்க்கப்பட்ட சர்ச் ஸ்லாவிய வடிவையே பேர்ட் பாடலாக்கினார். சர்ச் ஸ்லாவியம் எவருடைய வீட்டு மொழியும் அன்று. வழிபாட்டுக்கென்றே காக்கப்பட்டு வரும் மொழி அது.

கானோன் என்பது ஒன்பது பிரிவுகள் கொண்ட பாவகை. வழக்கப்படி இரண்டாம் பிரிவு விடுபடும். ஒவ்வொரு பிரிவுக்கும் வேத நிகழ்ச்சி ஒன்று அடித்தளமாக அமையும். முதற்பிரிவு நபி மூஸா (அலை) கடலைக் கடந்ததையும் ஃபிர்அவ்ன் மூழ்கியதையும் நினைவூட்டுகிறது. ஆறாம் பிரிவு மீன் வயிற்றில் நபி யூனுஸ் (அலை) இறைஞ்சியதைத் தழுவியது. ஒன்பதாம் பிரிவு மர்யம் (அலை) அவர்களின் புகழ்மொழியின் வழிவந்தது. இந்நிகழ்ச்சிகளுக்கு இடையே பாவியொருவன் தன் மரணத்தையும் விசாரணை நாளையும் எண்ணி அஞ்சுகிறான், அழுகிறான், தாமதிக்காதே என்று தன் ஆன்மாவையே கடிந்துகொள்கிறான். இரக்கம் வேண்டும் ஒரு சிறு வாசகம் கண்ணிதோறும் மீண்டும் மீண்டும் வருகிறது. அமைதி நாடி இத்தட்டை வாங்குவோர் இதை அறிந்தால் திடுக்கிடுவர். அவர்களைத் தாலாட்டும் ஒலியின் உட்பொருள் தாலாட்டன்று, எச்சரிக்கை.

இனி இசைக்கு வருவோம். மணியோசையைக் குறிக்கும் லத்தீன் சொல்லால் பேர்ட் தம் முறைக்குப் பெயரிட்டார். அடிப்படையில் அது இரு குரல்களின் உறவு. ஒரு குரல் ஒரு மைய சுரத்தை ஒட்டிப் படிப்படியாக ஏறியும் இறங்கியும் செல்லும். மற்றது அதன் ஒவ்வோர் அடிக்கும் உடனொலியாக, மூன்றே சுரங்கள் கொண்ட ஓர் அடுக்கிலிருந்து ஒன்றை விதிப்படி ஒலிக்கும். வாசகம் உள்ள படைப்புகளில் முதற்குரல் எவ்வளவு தூரம் செல்லலாம் என்பதைச் சொல்லின் அசைகளும் அழுத்தமும் வரையறுக்கின்றன. எங்கு நிற்பது, எவ்வளவு நேரம் நிற்பது என்பனவற்றை நிறுத்தற்குறிகள் கட்டளையிடுகின்றன. இசையமைப்பாளரின் கற்பனை சொல்லின் மேல் ஏறி அமர்வதில்லை. அது சொல்லின் பின்னே நடக்கிறது.

தஜ்வீத் பயின்றவருக்கு இது புதுமையாகத் தோன்றாது. மத்து இரண்டு ஹரக்கத்தா, நான்கா, ஆறா என்பதை ஓதுபவரின் குரல்வளம் தீர்மானிப்பதில்லை. எழுத்தும் அதனை அடுத்து வருவதும் தீர்மானிக்கின்றன. வக்ஃபு செய்யும் இடத்தை மூச்சு மட்டும் முடிவுசெய்வதில்லை, பொருளும் முடிவுசெய்கிறது. கஸ்ஸாலி இமாம் (ரஹ்) இஹ்யாவில் ஸமாஉ பற்றிய நூலில், இறைமொழியைக் காட்டிலும் இசைப்பாட்டு ஏன் பலரை விரைவில் உருக்குகிறது என வினவி ஏழு காரணங்களைத் தருகின்றார்கள். அவற்றுள் ஒன்று, மெட்டுக்காகக் குறிலை நீட்டவும் நெடிலைக் குறுக்கவும் பாடகனுக்கு உரிமையுண்டு, குர்ஆனில் அவ்வுரிமை இல்லை என்பதாகும். உருக்கும் ஆற்றல் ஒரு படைப்பின் மேன்மைக்குச் சான்றாகாது என்பது இவ்விடத்தில் நாம் பெறும் பாடம். பேர்ட்டின் சிறப்பும் இங்கேதான் உள்ளது. கேட்பவரை எளிதில் உருக்கும் உரிமையை அவர் தாமாகவே துறக்கிறார்.

இத்துறவுக்கு ஒரு விலையும் உண்டு. அசைகளை எண்ணும் விதி பொருளின் கனத்தை எண்ணுவதில்லை. ஃபிர்அவ்ன் மூழ்கும் இடமும் பாவியின் கண்ணீரும் ஏறக்குறைய ஒரே நடையில் செல்கின்றன. உரத்த திரள்குரலும் தாழ்ந்த முனகலும் மாறி மாறி வருவதே பெரும்பாலும் வேறுபாட்டை உணர்த்துகிறது. இரண்டாம் தட்டை அடையும்போது, மொழி அறியாதவருக்குச் சலிப்பு உண்டாகாமல் இராது. ஆனால் வாசகத்தின் மொழிபெயர்ப்பைக் கையில் வைத்துக் கேட்பவருக்கு அதே ஒருமைப்பாடு வேறுவிதமாகப் புலப்படும். இஸ்திஃக்ஃபார் செய்பவன் ஒரே சொல்லை நூறு முறை கூறுவது புதுமையைத் தேடியன்று. கதை சொல்லும் இடங்களில் குறையாகும் இம்முறை மன்றாடும் இடங்களில் நிறைவாகிறது. கானோன் பெரும்பகுதி மன்றாட்டே என்பதால் தராசு பேர்ட்டின் பக்கமே தாழ்கிறது.

ஒலிப்பதிவைப் பற்றியும் கூற வேண்டும். எஸ்தோனியாவின் தலைநகர் தாலினில் உள்ள நிகுலிஸ்தே ஆலயத்தில் அது நிகழ்ந்தது. 1944 மார்ச்சில் சோவியத் விமானக் குண்டுவீச்சில் சிதைந்த அக்கட்டடம், சீரமைக்கப்பட்டு 1984 முதல் அருங்காட்சியகமாகவும் இசையரங்காகவும் விளங்குகிறது. தவ்பாவின் பாடல், வழிபாட்டுக் கூடமாக இருந்து அருங்காட்சியகமாக மாறிய இடத்தில் பதிவானது கருத்தூன்றத்தக்கது. கற்சுவர்களின் எதிரொலி ஒவ்வொரு நிறுத்தத்தையும் நிரப்புகிறது. ஒரு வாசகம் முடிந்த பின்னும் அதன் நிழல் காற்றில் நிற்கிறது. அழகு இதில் மிகுதி, ஐயமும் உண்டு. மஃக்ரஜுக்குப் பழகிய செவி, சொல்லிறுதி மெய்யெழுத்துகள் அவ்வெதிரொலியில் கரைவதைக் கவனிக்காமல் இராது. சொல்லுக்காக எழுதப்பட்ட இசையை, சொல்லை மங்கச்செய்யும் கூடத்தில் பதிவுசெய்திருக்கிறார்கள். ‘அமைதி’ தேடுவோருக்கு இத்தட்டு உகந்ததாக இருப்பதற்கு இசையமைப்பாளரைக் காட்டிலும் அக்கூடமே பெரிதும் காரணம் எனலாம்.

தட்டு என்ற சாதனத்திற்கே உரிய இடர் ஒன்றும் உள்ளது. ஸமாஉக்கு உரிய காலம், உரிய இடம், உரிய தோழர் என்னும் மூன்றும் வேண்டும் என்ற ஜுனைத் (ரஹ்) அவர்களின் கூற்றைக் கஸ்ஸாலி இமாம் எடுத்தாள்கின்றார்கள். ஒலிப்பதிவு இம்மூன்றையும் ஒருசேர நீக்கிவிடுகிறது. எந்த வேளையிலும், எந்த வேலைக்கிடையிலும், தனியாகக் கேட்கலாம்; பாதியில் நிறுத்தலாம். நின்றுகொண்டு சபையாக ஓதப்பட்ட பிரார்த்தனை, சாய்ந்துகொண்டு நுகரும் பொருளாகிறது.

முஸ்லிம் கேட்பவருக்குச் சொல் ஏன் இன்றியமையாதது என்பது இப்போது தெளிவாகும். இக்கானோனில் நம் உள்ளம் உடனே ஒப்பும் இடங்கள் பல: மரண பயம், கண்ணீரின் பயன், அல்லாஹ்வின் அருளை விட்டால் புகலிடமின்மை. நாம் ஒருபோதும் ஒப்ப இயலாத இடங்களும் பல. ஈஸா (அலை) அவர்களை இறைவனாக விளித்து வேண்டுவதும், மூவொருமைத் துதியும் அவற்றுள் அடங்கும். பொருளறிந்து கேட்பவர் இவ்விரண்டையும் பிரித்தறிவார். ஒன்றில் தம்மைக் காண்பார். மற்றொன்றில், கண்ணியம் குறையாமல், விலகி நிற்பார். பொருளறியாமல் கேட்பவருக்கோ ஒப்புதலும் இல்லை, மறுப்பும் இல்லை. இனம் புரியாத ஓர் உருக்கம் மட்டுமே எஞ்சுகிறது. அவ்வுருக்கம் பிறர் மார்க்கத்திற்குச் செய்யும் மரியாதையும் ஆகாது, தம் மார்க்கத்திற்குச் செய்யும் காவலும் ஆகாது.

இத்தராசில் நம்மையும் நிறுத்துப் பார்ப்பது நீதியாகும். காரிகளின் கிராஅத் ஒலிப்பதிவுகள் நம் கடைகளிலும் வாகனங்களிலும் பேரமும் பேச்சும் நடக்கும்போதே ஒலித்துக்கொண்டிருக்கின்றன. குரலின் இனிமையைப் புகழ்கிறோம். ஓதப்பட்டது ரஹ்மத்தின் வசனமா, அதாபின் வசனமா என்று அறிய முற்படுவதில்லை. அல்அஃராஃப் அத்தியாயத்தின் 204ஆம் வசனம் செவிமடுப்பதற்கு ஒரு சொல்லையும் மௌனம் காப்பதற்கு வேறொரு சொல்லையும் தனித்தனியே ஆள்கிறது. காதில் விழுவது செவிமடுப்பதன்று. வாய் மூடியிருப்பதும் அதுவே போதுமானதன்று. ஸ்லாவிய மொழிப் பாடலைப் பொருளறியாமல் நுகரும் ஐரோப்பியரைக் குறைகூறுமுன், வஹ்யின் மொழியோடு நமக்குள்ள உறவு அதைவிட மேலானதா என்று நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பேர்ட்டின் படைப்பு தன் கடமையைச் செய்துவிட்டது. பொருளிழந்த ஓசையாகச் சொல்லைக் கேட்கப் பழகிவிட்ட ஒரு காலத்தில், சொல்லைத் தலைவனாகவும் இசையைப் பணியாளாகவும் அது மீண்டும் அமர்த்தியது. இதைக் கேட்க விரும்புவோர் முதலில் வாசகத்தின் மொழிபெயர்ப்பைப் படிக்கட்டும்; ஏற்பதையும் மறுப்பதையும் தெளிந்துகொள்ளட்டும்; பின்னர் வேறு பணி எதுவுமின்றி ஒரே ஒரு பிரிவை மட்டும் கேட்கட்டும். அந்தச் சிரமத்திற்கு நேரமில்லை என்போர் தட்டைத் திறவாமலேயே விட்டுவிடுவது மேல்.