நல்லவனின் திக்கல்

ஜேம்ஸ் ஸ்டூவர்ட் என்றதும் பெரும்பாலானவர்களுக்கு ஞாபகம் வருவது ஒரு நல்ல மனுஷன். நெடுநெடுவென்று ஒல்லியான உடம்பு, இழுத்துப் பேசும் குரல், சொல்ல வந்ததைச் சட்டென்று சொல்ல முடியாத திக்கல். ஃப்ராங்க் காப்ராவின் 'மிஸ்டர் ஸ்மித் கோஸ் டு வாஷிங்டன்' (1939) படத்தில் செனட்டில் மணிக்கணக்காக நின்று பேசி, தொண்டை கட்டி, கடைசியில் மயங்கி விழுகிறாரே, அந்த ஸ்மித்தை எப்படி நம்பாமல் இருப்பது? சரளமாகப் பேசுகிறவர்கள் நடுவே தடுமாறுகிறவன்தான் யோக்கியன் என்று அந்தப் படம் நம்மைப் பழக்கிவிட்டது.

போருக்கு முன் வெள்ளந்தி, போருக்குப் பின் இருண்டவர் என்று அவருடைய சினிமா வாழ்க்கையை இரண்டாகப் பிரிப்பது வழக்கம். அதில் நியாயம் இருக்கிறது. 1941-இல் ராணுவத்தில் சேர்ந்தவர், குண்டுவீச்சு விமானியாக 20 தாக்குதல்களில் பறந்தார். திரும்பி வந்து நடித்த முதல் படம் 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' (1946). அதில் 8,000 டாலர் தொலைந்துபோன இரவில் ஜார்ஜ் பெய்லி சித்தப்பாவின் சட்டையைப் பிடித்து உலுக்குகிறான், பிள்ளைகள்மேல் எரிந்து விழுகிறான், மேஜையில் இருக்கும் மாதிரிப் பாலத்தை நொறுக்குகிறான். கோபம் போரிலிருந்தே வந்தது என்று வைத்துக்கொள்வோம். ஆனா அதைக் காட்ட ஸ்டூவர்ட் புதுசாக எதையும் செய்யவில்லை. அதே திக்கல், அதே கட்டிய தொண்டை.

இதை முதலில் முழுசாகப் பயன்படுத்தியவர் ஆன்டனி மேன். இருவரும் சேர்ந்த ஐந்து வெஸ்டர்ன்களில் முதலாவது 'வின்செஸ்டர் 73' (1950). மதுக்கடையில் வில்லனின் கையை முறுக்கித் தலையை மேடையோடு அழுத்தும்போது ஸ்டூவர்ட்டின் முகத்தைப் பாருங்கள். பயப்பட வேண்டியது யாருக்கு என்று ஒரு கணம் குழம்பும்.

அப்புறம் ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ' (1958). இறந்துபோனதாக நம்பும் காதலியின் சாயலில் ஸ்காட்டி ஒரு கடைப் பெண்ணை மாற்றுகிறான். சாம்பல் நிற உடை, காலணி, தலைமுடியின் நிறம், கடைசியில் கொண்டை. ஜூடி வேண்டாமென்று கெஞ்சுகிறாள். அவனும் கெஞ்சித்தான் காரியத்தைச் சாதிக்கிறான். அதட்டலே தேவைப்படவில்லை. நடப்பது வன்முறை என்று நமக்கு உறைக்க நேரமாவது அதனால்தான். இதே வேடத்தில் கேரி கிராண்ட் இருந்திருந்தால் முதல் காட்சியிலேயே உஷாராகியிருப்போம். 'சஸ்பிஷன்' (1941) முழுக்க அவருடைய வசீகரத்தின்மேல் வரும் சந்தேகத்தில்தான் ஓடுகிறது. ஸ்டூவர்ட் என்பதால் ஸ்காட்டிக்காக நாமே சமாதானம் தேடுகிறோம்: பாவம், காதலிச்சவன், உடைஞ்சுபோனவன். இருபது வருஷமாகச் சேர்த்த நம்பிக்கையை ஹிட்ச்காக் ஒரே படத்தில் செலவழிக்கிறார். ஜூடியின் பக்கம் நிற்க நமக்கு ஏன் இவ்வளவு நேரம் ஆனது என்ற கேள்வி பார்வையாளர் தலையில் விழுகிறது.

'வெர்டிகோ' முடிந்த கையோடு 'மிஸ்டர் ஸ்மித்'தை மறுபடி போட்டுப் பாருங்கள். அந்த இளைஞனின் நேர்மை துளியும் குறைந்திருக்காது. ஆனா செனட்டில் உட்கார மறுத்து நிற்கும் அவன் கண்களில், யார் சொன்னாலும் விடாத ஒருத்தனும் தெரிவான். அவன் 1939-லேயே அங்கேதான் இருந்தான்.