கோர்ட் உத்தரவை மீறினால்: பலமனேரிலும் இலங்கையிலும்

ஆந்திராவின் பலமனேரில் ஒருவர் தன் நிலத்துப் பாதைக்கு இடைக்காலத் தடை வாங்குகிறார்; மறுநாளே எதிராளி முள்வேலி போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அமராவதி உயர் நீதிமன்றத்துக்கு ஓட வேண்டியதில்லை. சிவில் நடைமுறைச் சட்டம் ஆணை 39, விதி 2ஏ-யின் கீழ் அதே கோர்ட்டில் மனுப் போடலாம். மீறியவரின் சொத்து ஜப்தியாகலாம். மூன்று மாதம் வரை சிவில் சிறையும் கிடைக்கலாம். வழக்கு முடிந்து டிக்ரி வந்துவிட்டால் ஈ.பி. என்னும் நிறைவேற்று மனுப் போட்டு, கோர்ட் ஊழியரான அமீனாவுக்குக் காத்திருக்க வேண்டும்.

இலங்கையில் மாவட்ட நீதிமன்றத் தடையை மீறுவதையே அவமதிப்பாகத் தண்டிக்க, குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 663ஆம் பிரிவு இடம் தருகிறது. அங்கே டிக்ரியோடு வாசலுக்கு வருபவர் பிஸ்கால் என்ற நீதிமன்ற அதிகாரி.

வேறுபாடு மேல் மட்டத்தில்தான் பெரிது. இந்தியாவில் 1971ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டம் ஆறு மாதச் சிறை, 2,000 ரூபாய் அபராதம் என்று வரம்பு கட்டிவிட்டது. இலங்கையில் இதற்கெனத் தனிச் சட்டம் 2024இல்தான் வந்தது. அதற்கு முன், நீதிபதிகளைப் பற்றிப் பேசிய பேச்சுக்காக நடிகரும் எம்.பி.யுமாக இருந்த ரஞ்சன் ராமநாயக்கவுக்கு 2021இல் நான்கு ஆண்டு கடூழியச் சிறை விதிக்கப்பட்டது. ஹோமாகம நீதிமன்றத்தில் கூச்சலிட்ட பௌத்த பிக்கு ஞானசார தேரருக்கு 2018இல் ஆறு ஆண்டு. இருவரையும் ஜனாதிபதியின் மன்னிப்பு வெளியே கொண்டுவந்தது.

பேச்சுக்கு இத்தனை கடுமை, உத்தரவை மீறினால்? இலங்கையில் 2019 செப்டம்பரில், வேறிடத்தில் தகனம் செய்யுமாறு முல்லைத்தீவு நீதிமன்றம் சொல்லியும், நீராவியடிப் பிள்ளையார் கோயில் கேணியருகே ஒரு பௌத்த பிக்குவின் உடல் எரிக்கப்பட்டது. காவல்துறை பார்த்துக்கொண்டு நின்றது. ஆந்திராவிலோ, பள்ளி வளாகங்களிலிருந்து கிராமச் செயலகங்களை அகற்றாத எட்டு ஐ.ஏ.எஸ். அதிகாரிகளுக்கு 2022இல் இரண்டு வாரச் சிறை விதித்த உயர் நீதிமன்றம், அவர்கள் மன்னிப்புக் கேட்டதும் அதைச் சமூக நல விடுதிகளில் மாதம் ஒரு நாள் சேவையாக மாற்றியது.

பலித்த உத்தரவுகள் வேறு இரண்டு. ஈஸ்டர் தாக்குதலைத் தடுக்கத் தவறியது பற்றிய வழக்கில் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன சொந்தப் பணத்தில் பத்துக் கோடி ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டும் என்று 2023இல் இலங்கை உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தவணை தவணையாகக் கட்டினார். உயர் நீதிமன்ற உத்தரவை மீறிக் குடிசைகளை இடித்த ஆந்திரத் துணை ஆட்சியரை, 2025இல் இந்திய உச்ச நீதிமன்றம் தாசில்தாராகப் பதவியிறக்கியது. சட்டைப்பையிலும் நாற்காலியிலும் கை வைத்தால்தான் உத்தரவு நடக்கிறது.

உத்தரவு வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை: சான்றிட்ட நகலை எதிராளிக்குச் சேர்ப்பித்து அத்தாட்சி வைத்துக்கொள்ளுங்கள். தெரிந்தே மீறினார் என்று காட்ட அதுதான் உதவும். இந்தியாவில் அவமதிப்பு நடவடிக்கைக்குக் கெடு ஓராண்டு, அதைத் தவறவிடாதீர்கள்.