பழுதும் பக்தியும்

பழைய கிதார் பெடல்களைப் பற்றிப் பேசுகிறவர்களில் இரண்டு கட்சிகள் உண்டு. இனி யாராலும் கொண்டுவர முடியாத ஏதோ ஒன்று அந்த டப்பாக்களில் குடிகொண்டிருக்கிறது என்பது ஒரு கட்சி. எல்லாம் பிரமை, அதே மின்சுற்றை இன்று செய்தாலும் அதே ஒலிதான் என்பது மற்றது. இரண்டிலும் எனக்குச் சம்மதமில்லை. நான் கிதார் வாசிப்பவனல்ல, கேட்பவன். ஆனால் இது முதலிலிருந்தே கேட்பவனின் விஷயம்தான்.

தொடக்கம் ஒரு பழுது. 1961இல் வெளியான மார்ட்டி ராபின்ஸின் 'டோண்ட் வொர்ரி' பாடலை நாஷ்வில்லில் பதிவு செய்தபோது, க்ரேடி மார்ட்டின் வாசித்த பாஸ் கிதாரின் ஒலி, கெட்டுப்போன ஒரு கருவியின் வழியாக வந்ததில் கிழிந்து உறுமலாயிற்று. மறுபடி வாசிக்கச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, அப்படியே வைத்துக்கொண்டார்கள். ஒலிப்பதிவாளர் க்ளென் ஸ்னாடி பிறகு ரெவிஸ் ஹாப்ஸுடன் சேர்ந்து, அதே பழுதை ட்ரான்ஸிஸ்டர்களால் வேண்டுமென்றே உண்டாக்கும் சுற்று ஒன்றை அமைத்தார். கிப்ஸன் கம்பெனி அதை 1962இல் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற பெயரில் விற்றது. தன் கையில் இருப்பது என்ன என்று கம்பெனிக்கே தெரியவில்லை. கிதாரில் ட்ரம்பெட்டையும் செல்லோவையும் எழுப்பலாம் என்று விளம்பரம் செய்தது. 1965இல் 'ஸாடிஸ்ஃபாக்ஷ'னில் கீத் ரிச்சர்ட்ஸ்கூட, பின்னால் ஊதுகுழல்கள் வரவேண்டிய இடத்துக்கு ஒரு அடையாளமாகவே அதைப் பயன்படுத்தினார். ஊதுகுழல்கள் வரவே இல்லை. அடையாளமாக வைத்ததே பாட்டாகிவிட்டது.

1966இல் லண்டனில் ஆர்பிட்டர் கம்பெனி வெளியிட்ட ஃபஸ் ஃபேஸை எடுத்துக்கொள்வோம். மைக் ஸ்டாண்டின் அடிப்பாகம் போன்ற வட்டப் பெட்டி. உள்ளே இரண்டு ஜெர்மேனியம் ட்ரான்ஸிஸ்டர்கள், விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய மற்ற உறுப்புகள். அக்கால ஜெர்மேனியம் ட்ரான்ஸிஸ்டர்கள் ஒன்றைப்போல் ஒன்று இருப்பதில்லை. பெருக்கும் சக்தி ஒவ்வொன்றிலும் மாறும், சூடேறினால் கசிவு கூடும். ரோஜர் மேயர் போன்றவர்கள் ஹென்ட்ரிக்ஸுக்காக ட்ரான்ஸிஸ்டர்களைப் பொறுக்கியெடுக்க வேண்டியிருந்தது இதனால்தான்.

ஒரு கோடை மதியத்தில் நண்பர் ஒருவர் இரண்டு பெடல்களை மாற்றி மாற்றி வாசித்து, பழையது எது என்று கேட்டார். உயிருள்ளதாக ஒலித்ததைக் காட்டினேன். அது சமீபத்தில் செய்த சிலிக்கான் பெடல். பழையது திணறிக்கொண்டிருந்தது. எனக்கு வெட்கமாகிவிட்டது. நண்பர் சிரித்து, வெயில் தாழட்டும் என்றார். இரவில் அதே பழைய பெடல் தெளிந்து, விரல் அழுத்தத்துக்கெல்லாம் இணங்கிப் பாடியது. மதியம் நான் தவறாகக் கேட்கவில்லை. என் காது சரியாகச் சொன்னதை ஒரு பெயருக்கு முன்னால் நானே கைவிட்டேன் என்பதுதான் வெட்கப்படவேண்டியது.

ஆகவே 'ஃபஸ் ஃபேஸின் ஒலி' என்று பொதுவாக ஒன்று கிடையாது. இந்தப் பெடல், இந்த நேரம், இந்தக் கை என்றுதான் உண்டு. பக்தர்கள் பெயரை வணங்குகிறார்கள். மறுப்பவர்களோ என்றுமே இருந்திராத ஒருமையை வைத்துக்கொண்டு வாதாடுகிறார்கள். இருவருமே கேட்பதிலிருந்து விலக்குப் பெற்றுக்கொண்டவர்கள்.

பக்தி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு க்ளான் ஸென்டார் உதாரணம். பில் ஃபினெகன் 1990களிலிருந்து ஏறத்தாழ 8000 பெடல்கள் செய்தார். சுற்றை யாரும் பார்க்க முடியாதபடி பசை ஊற்றி மூடினார். இன்று ஒன்றின் விலை ஆயிரக்கணக்கான டாலர். பிறகு செய்த பெடலின் மேற்புறத்திலேயே, இந்த அபத்த ஆரவாரம் தன்னால் உண்டானதல்ல என்று அச்சிட வேண்டிய நிலைமை அவருக்கு வந்தது.

இருந்தும் இந்தப் பெடல்களின் ஈர்ப்பு பொய்யல்ல. நம்பி வாங்கிவிட முடியாதவை அவை. ஒவ்வொன்றையும், ஒவ்வொரு முறையும், கேட்டே ஆகவேண்டும். நாஷ்வில்லில் அன்று நடந்ததும் அதுதான். கெட்டுப்போனது என்று தெரிந்தும் ஒருசிலர் அதைக் கேட்டார்கள், முடிவெடுத்தார்கள். அந்த முடிவுக்குப் பெரிய பெயர் எதுவும் அவர்களுக்குத் துணை இல்லை. கவிதையில் ஒரு பிசகைத் தக்கவைத்துக்கொள்கிறவனுக்கும் இதைத் தவிர வேறு வழியில்லை. அதையே பிறகு பாணியாக வாங்கிக்கொள்கிறவர்களை நாம் நம் பக்கங்களிலும் நிறையவே பார்த்தாயிற்று.