கூகுள் டிரான்ஸ்லேட்: படிக்க நம்பலாம், அனுப்பலாமா?

கூகுள் டிரான்ஸ்லேட்டில் தமிழ் சேர்ந்தது 2011 ஜூனில். அன்றைக்கு அது தந்த தமிழில் வேற்றுமை உருபு ஒரு பக்கம், வினைமுற்று ஒரு பக்கம் என்று கிடந்தன. ஒரு வரி படித்தாலே இயந்திரம் செய்த வேலை என்று தெரிந்துவிடும். 2017 ஏப்ரலில் தமிழ் உள்ளிட்ட ஒன்பது இந்திய மொழிகள் நியூரல் நெட்வொர்க் முறைக்கு மாறின. தொடர்களைத் துண்டு துண்டாகப் பெயர்த்து ஒட்டிய பழைய முறை போய், முழு வாக்கியத்தையும் ஒருசேரப் பார்க்கும் முறை வந்தது, தமிழ் சரளமானது. அந்தச் சரளம் பாராட்டுக்குரியதுதான். ஆனால் பழைய முறையின் பிழை வாக்கியம் உடைந்து கிடப்பதிலேயே தெரிந்தது. புதிய முறையின் பிழை இலக்கணம் பிசகாத வாக்கியத்துக்குள் ஒளிந்திருக்கிறது. ஆகவே இந்தச் செயலியை எடைபோடும்போது நூற்றுக்கு எத்தனை வாக்கியம் சரி என்பதைவிட, தவறும்போது அதைக் கண்டுபிடிக்க யாரால் முடியும் என்று கேட்பதே பயனுள்ளது என்பது என் கருத்து. அப்படிக் கேட்டால் ஒரே செயலி இரண்டு கருவிகளாகப் பிரிந்துவிடுகிறது: நமக்கு வரும் அயல்மொழியைப் படிக்க ஒன்று, நமக்குத் தெரியாத மொழியில் நம் பேச்சை அனுப்ப இன்னொன்று. முதலாவதைத் தாராளமாகப் பரிந்துரைக்கலாம். இரண்டாவதை அப்படிப் பரிந்துரைக்க முடியாது.

படிக்கும் வேலையில் செயலியின் அருமை கேமராவில் தெரிகிறது. கேமரா பட்டனைத் தொட்டு, இறக்குமதியான இயந்திரத்தின் மேல் ஒட்டிய கொரிய எச்சரிக்கை ஸ்டிக்கரைக் காட்டினால், அந்த எழுத்துகள் இருந்த இடத்திலேயே தமிழ் வந்து படிகிறது. மொழிக்கோப்பை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாத இடத்திலும் மொழிபெயர்ப்பு நடக்கும். தரம் சற்றுக் குறையும், அவ்வளவுதான். குறைகளும் உண்டு. மருந்துப் புட்டி போன்ற வளைந்த பரப்பில் வரிகள் ஒன்றோடொன்று கலக்கின்றன. அச்சில் ஒரு வாக்கியம் மூன்று வரிகளாக மடிந்திருந்தால், சில வேளை ஒவ்வொரு வரியையும் தனி வாக்கியமாக எடுத்துக்கொண்டு மூன்று அரைகுறைத் தொடர்களைத் தருகிறது. ஆனாலும் படிப்பவருக்கு இது பெரிய ஆபத்தில்லை. கையில் இருப்பது எச்சரிக்கை ஸ்டிக்கர் என்று அவருக்குத் தெரியும். படத்தில் கை, மின்னல் குறி இருக்கின்றன. எண்கள் அப்படியே இருக்கின்றன. பொருந்தாத சொல் வந்தால் அவர் சந்தேகப்படுவார், வேறு கோணத்தில் மறுபடி காட்டுவார். பிழையைப் பிடிக்க வேண்டிய ஆள் மொழிபெயர்ப்பின் முன்னாலேயே நிற்கிறார், அதுவும் தன் சொந்த மொழியைப் பார்த்துக்கொண்டு.

அனுப்பும்போது நிலைமை தலைகீழ். எழுதியவருக்கு வெளிவந்த மொழி தெரியாது. படிப்பவருக்கு மூலம் தெரியாது. நடுவில் விழுந்த பிழையைப் பார்க்கும் இடத்தில் ஒருவரும் இல்லை. தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் இடையே இத்தகைய பிழைகளுக்கு நிலையான வாசல்கள் உண்டு. ‘மாத்திரை கொடுத்தாச்சு’ என்று செவிலியருக்குச் செய்தி அனுப்பினால், யார் கொடுத்தது என்பதைத் தமிழ் சொல்லவில்லை; ஆங்கிலத்துக்கு எழுவாய் வேண்டும் என்பதால் செயலி ஒன்றைத் தானே வைக்க நேர்கிறது, அல்லது செயப்பாட்டு வினையில் தப்பிக்கிறது. ‘அவர்’ பெரும்பாலும் ஆணாகிவிடுகிறார். இவற்றுக்குப் பரவலாகச் சொல்லப்படும் மருந்து, வந்த விடையைத் திருப்பி மொழிபெயர்த்துப் பார் என்பது. செயலியில் அம்புக்குறியைத் தொட்டால் போதும், சுலபம்தான். ஆனால் பிழை அதிகம் நேரும் இடத்தில்தான் இந்தச் சோதனை கைவிடுகிறது. பணம் நாளை கொண்டுவருவோம் என்று ஆங்கிலத்தில் ஒருவர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். செயலி ‘நாங்கள்’ என்று போட்டாலும் ‘நாம்’ என்று போட்டாலும் திரும்பி வரும் ஆங்கிலம் ஒன்றுதான். படிக்கும் தமிழருக்கோ, முதலாவதில் அவர்கள் பணம் தருகிறார்கள். இரண்டாவதில் தானும் சேர்ந்து தர வேண்டும். திருப்பிப் பார்த்தவருக்கு இரண்டும் சரி என்றே தெரியும்.

மலையாளத்திலும் தெலுங்கிலும் இதே வேறுபாடு இருக்கிறது. ஆனாலும் பெரும்பாலான மொழிபெயர்ப்புச் சேவைகள் இரண்டு இந்திய மொழிகளுக்கு நடுவே ஆங்கிலத்தைப் பாலமாக வைத்தே வளர்ந்தன. தமிழிலும் மலையாளத்திலும் தெளிவாக இருக்கும் ஒரு செய்தி அந்தப் பாலத்தைக் கடக்கும்போது உதிர்ந்துவிடுகிறது என்பது வருத்தமான விஷயம். சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு 2023-இல் வெளியிட்ட இண்டிக்டிரான்ஸ்2, இந்திய அரசியலமைப்பின் அட்டவணையில் உள்ள 22 மொழிகளுக்கும் பொதுவெளியில் கிடைக்கும் மாதிரி. இந்திய மொழிக்கும் இந்திய மொழிக்கும் நேரடியாகப் பெயர்க்கும் வடிவமும் அதில் உண்டு. எனக்கு நம்பிக்கை தரும் திசை அதுதான்.

இதெல்லாம் சில்லறைப் பிழைகள், பொருள் புரிந்தால் போதாதா என்று கேட்கலாம். மருத்துவ ஆய்வுகள் அப்படிச் சொல்ல விடவில்லை. பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 2014-இல் வந்த ஆய்வு, நோயாளிகளிடம் மருத்துவர் வழக்கமாகச் சொல்லும் 10 வாக்கியங்களை கூகுள் டிரான்ஸ்லேட் வழியே 26 மொழிகளுக்குப் பெயர்த்துச் சோதித்தது. சரியாக வந்தவை 57.7 சதவீதம். போர்ச்சுகீசியத்தில் 90, சுவாஹிலியில் 10. குழந்தைக்கு வலிப்பு வந்திருக்கிறது என்ற வாக்கியம் சுவாஹிலியில் குழந்தை இறந்துவிட்டது என்று ஆகியிருந்தது. அது பழைய முறை, இப்போது நியூரல் வந்துவிட்டது என்பது நியாயமான மறுப்பு. முன்னேற்றம் உண்மை, ஆனால் எல்லா மொழிக்கும் சமமாக வரவில்லை. அமெரிக்க அவசர சிகிச்சைப் பிரிவுகளில் வீடு திரும்பும் நோயாளிக்குத் தரும் அறிவுரைகளை வைத்து 2021-இல் வெளியான ஆய்வில், பொருள் சிதையாமல் வந்தவை ஸ்பானிஷில் 94 சதவீதம், ஆர்மேனியத்தில் 55. இரண்டுமே புதிய முறையில் வந்தவைதான். இணையத்தில் இணை வாக்கியங்கள் குவிந்துள்ள மொழிக்கு ஒரு தரம், இல்லாத மொழிக்கு வேறு தரம். தமிழுக்குக் கிடைத்த பயிற்சித் தரவிலும் செய்தித்தாள், அரசுத் தளம், வேதாகமம் போன்ற எழுத்துத் தமிழே அதிகம். ‘அம்மா வந்துட்டாங்க’ என்று மரியாதையாகச் சொன்னால் ஆங்கிலத்தில் பலர் வந்ததாக ஆகக்கூடிய நிலை அதனால்தான்.

கனமான எதிர்வாதம் வேறொன்று. மொழி தெரிந்த ஆள் கிடைக்காத இடத்தில் செயலிதான் துணை. திருப்பூரில் வேலை செய்யும் ஒடியா இளைஞரிடம் மொழிபெயர்ப்பாளரை அழைத்து வா என்று சொல்ல முடியுமா? முடியாது. ஒன்றுமே இல்லாததைவிட இது மேல் என்பதை முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். வழி கேட்க, விலை பேச, வேலை நேரம் அறிய இதுபோல் உதவும் இலவசக் கருவி முன்பு இருந்ததில்லை. ஆனால் அந்த வாதத்தை மருத்துவமனையும் காவல் நிலையமும் தங்கள் வசதிக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. 2017 அக்டோபரில் இஸ்ரேலியப் போலீஸ் ஒரு பாலஸ்தீனக் கட்டடத் தொழிலாளியைப் பிடித்து வைத்தது. அவர் ஃபேஸ்புக்கில் அரபியில் எழுதியது காலை வணக்கம், தானியங்கி மொழிபெயர்ப்பு அதை ‘அவர்களைத் தாக்கு’ என்று காட்டியது. அரபி படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டியிருந்தால் அந்தக் கைது நடந்திருக்காது. அங்கே ஆள் கிடைக்காமல் இல்லை, கேட்கவில்லை.

இயந்திர மொழிபெயர்ப்பு வெற்றி பெற்ற இடங்களிலும் இதே பாடம்தான் இருக்கிறது. கனடாவில் வானிலை அறிக்கைகளை ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சுக்குப் பெயர்த்த மேடியோ என்ற அமைப்பு 1977 முதல் 2001 வரை ஓடியது. சொற்கள் குறைவு, வாக்கிய அமைப்பு ஒரே மாதிரி, பிசகியதைத் திருத்த ஆள் இருந்தார். இலங்கையில் மொறட்டுவைப் பல்கலைக்கழகம் சிங்களம்–தமிழ் அரச ஆவணங்களுக்கென்றே உருவாக்கிய ‘சி-த’ அமைப்பும் அந்த வழியில் வந்தது. இந்திய உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்புகளின் மொழிபெயர்ப்பை வெளியிடும்போது, இது வழக்காடுபவர் தம் மொழியில் புரிந்துகொள்ள மட்டுமே, அதிகாரபூர்வமானது ஆங்கில வடிவம் என்று குறிப்புச் சேர்க்கிறது. படிக்க ஒன்று, பொறுப்பேற்க வேறொன்று என்ற எல்லையை நாட்டின் உயர் நீதிபீடமே கோடு போட்டுக் காட்டுகிறது.

எனவே என் தீர்ப்பு இது. தமிழ் மொழிக்கோப்பையும் அடிக்கடி தேவைப்படும் மொழியின் கோப்பையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். படிக்கும் வேலைக்கு இச்செயலி தாராளமாகப் போதும். அனுப்பும்போது எழுத்துத் தமிழில், சிறு வாக்கியமாக, எழுவாயை விடாமல், ‘அவர்’ வரும் இடத்தில் பெயரைப் போட்டு எழுதுங்கள். தேதி, தொகை, மருந்தளவு மூன்றையும் எண்ணில் தனியாக எழுதிவிடுங்கள். சிகிச்சைக்கான ஒப்புதல், வாக்குமூலம், ஒப்பந்தம் இவற்றுக்கு மொழி தெரிந்த ஆள் வரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். கூகுளுக்கும் ஒரு கோரிக்கை. பால் காட்டாத துருக்கி வாக்கியத்தை ஆங்கிலமாக்கும்போது ஆண், பெண் என்று இரண்டு விடைகளையும் காட்டும் வசதியை அந்நிறுவனம் 2018 டிசம்பரிலேயே கொண்டுவந்தது. தமிழில் ‘அவர்’, ‘நாம்’, ‘நாங்கள்’, விடுபட்ட எழுவாய் ஆகிய எல்லா இடங்களிலும் அதேபோல் இரண்டு விடைகளைக் காட்டி, எது என்று எழுதியவரிடமே கேட்க வேண்டும்.